பூட்டிய வீட்டில் ஒரு கடல்

தம்பி,

நேற்று போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்ன ஒன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு எல்லோரும் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டால் பென்னாகரத்து வீட்டில் உன் கடல்தொட்டியை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். "அதான் பெரியப்பா வரமாட்டாரே சித்தி, சாவிய அவர்கிட்டயே குடுத்துட்டு வாங்க" என்றாய். பின்னால் யாரோ உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் "சரி" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பேசுவதைவிட எழுதுவது எனக்கு எளிது என்பது உனக்குத் தெரியும். தொட்டியைப் பற்றித் தனியாகவும் சாவியைப் பற்றித் தனியாகவும் எழுதப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

நீ புனேவுக்கு வேலைக்குப் போனபோது இந்தத் தொட்டியை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனாய். கடலுக்கு இத்தனை தூரத்தில், புளியமரமும் பாறையுமாகக் கிடக்கிற ஊரில், கூடத்துச் சுவரோரம் ஒரு துண்டுக் கடல். கல்பவளம் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்று படித்துத் தெரிந்துகொண்டு, மென்பவளங்களையும் காளான் பவளங்களையும் பூ மாதிரி விரல் விரித்திருக்கும் கடல் உயிரான ஒரு கடற்சாமந்தியையும் மட்டும் வைத்தாய். அந்தச் சாமந்தியின் விரல்களுக்குள் புகுந்து புகுந்து வெளிவரும் ஆரஞ்சு நிற மீன்கள் இரண்டையும் உன் அப்பா இப்போதெல்லாம் "மாப்பிள்ளையும் பொண்ணும்" என்கிறார். வருகிறவர்களுக்கு அது அழகு. பக்கத்திலேயே இருக்கிற எனக்கு அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாய்களோடு படுத்திருக்கும் ஒருவர் மாதிரி. மூச்சு ஒரு மெஷினால், சூடு தணிவது ஒரு மெஷினால், அழுக்கு வெளியேறுவது ஒரு மெஷினால். எல்லாம் ஓடும்போது முகம் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவைப் பார்த்து நோய் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

மின்சாரம் போனால் என்ன நடக்கும் என்று நீ ஒருமுறை எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அதை இப்போது நான் உனக்குத் திருப்பிச் சொல்கிறேன், ஏனென்றால் தூரத்தில் இருக்கும்போது தெரிந்ததே மறந்துவிடுகிறது. முதலில் சத்தம் நிற்கும். தண்ணீர் அசையாது. அசையாத தண்ணீருக்குள் காற்று இறங்காது. ராத்திரியில் பவளங்களும் மீன்களும் மூச்சை உள்ளே மட்டும் இழுப்பவை, அதனால் விடியும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வைகாசி வெயிலில், தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் ஓடாத தொட்டி, மூடிய வீட்டுக்குள் மெல்லச் சூடேறும். கடற்சாமந்தி தனக்கு இடம் பிடிக்காமல் பாறையை விட்டு நடக்க ஆரம்பிக்கும். நடந்து போய் அலை பம்பின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். அப்போது மின்சாரம் திரும்பி வரும். அதுதான் எனக்கு எப்போதும் பயங்கரமாகத் தெரிகிறது. போவது மட்டுமல்ல, திரும்பி வருவதும் கொல்லும். அரைபட்ட சாமந்தி ஒன்று போதும், மிச்சமிருக்கிற எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீரே விஷமாகிவிடும்.

நீ போன முறை வந்தபோது கேமராவும் போனில் கட்டுப்படுத்தும் பிளக்குகளும் மாட்டிவிட்டுப் போனாய். சூடு ஏறினால் உனக்குச் செய்தி வரும், பம்ப் நின்றால் செய்தி வரும் என்றாய். நல்லதுதான். ஆனால் அந்தச் செய்தியை அனுப்புகிற இன்டர்நெட் பெட்டியும் அதே கரண்டில்தான் ஓடுகிறது. அது நின்றால் உனக்கு ஒன்றுமே வராது. நீ மணமேடையில் உட்கார்ந்துகொண்டு, போனில் எந்தச் சிவப்பு எழுத்தும் இல்லை என்று நிம்மதியாக இருப்பாய். செய்தி வராமல் இருப்பதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதே. இதைத் தொட்டிக்கு மட்டும் சொல்லவில்லை. உன் அப்பாவுக்கும் எனக்கும் வயதாகும்போது, நீங்கள் இருவரும் வேறு ஊரில் இருக்கும்போது, இந்த வீட்டிலிருந்து போன் வரவில்லையென்றால் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துவிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா சந்தைக்குப் போயிருந்தபோது, வீட்டின் மெயினை நானே இறக்கிவிட்டு நாற்காலி போட்டுத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தேன். ஊருக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் இதை ஒருமுறை கட்டாயம் செய்ய வேண்டும். கெட்டுப்போவதை நாம் வீட்டில் இருக்கும்போதே கெட்டுப்போக விட்டுப் பார்க்க வேண்டும். பம்ப் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் இறங்கி, அடியில் தண்ணீரை வடிகட்டும் கீழ்த்தொட்டியை நிரப்பி, விளிம்பைத் தாண்டித் தரையில் ஓடியது. கூடம் முழுக்க உப்புத் தண்ணீர். நீ வைத்த அளவுக் கோடு பம்ப் ஓடும்போது மட்டும்தான் சரியானது. கோட்டைக் கீழே இறக்கினேன். தண்ணீர் திரும்பும் குழாயில் மேற்பரப்பை ஒட்டி ஒரு சிறு துளை போட்டேன். இப்போது கொஞ்சம் இறங்கியதும் காற்று புகுந்து தானாக நின்றுவிடுகிறது. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று, கரண்ட் போன உடனே தானே ஓட ஆரம்பிப்பது, வாங்கி மாட்டியிருக்கிறேன். அலை பம்பின் வாய்க்கு வலைக்கூடு போட்டாயிற்று. இன்டர்நெட் பெட்டியை இன்வெர்ட்டருக்கு மாற்றியாயிற்று. ஆவியாகிற அளவுக்கு நல்ல தண்ணீர் சேர்க்கும் கருவிக்குப் பின்னால் ஒரு சிறிய கேன் மட்டும் வைத்திருக்கிறேன். அந்தக் கருவியின் மிதவை சிக்கிக்கொண்டு அத்தனையும் ஊற்றிவிட்டால்கூட உப்பு ஓரளவுக்கு மேல் குறையாது. பெரிய டிரம் வைத்தால் வசதி, ஆனால் வசதியான பொருள் பழுதானால் சேதமும் பெரிதாக இருக்கும். இதற்கு மேல் இனி எதையும் தொடப்போவதில்லை. புது மீன் வேண்டாம், புது மருந்து வேண்டாம், கிளம்புகிற நாளில் சுத்தம் செய்வதும் வேண்டாம். புதிதாகச் செய்தது என்ன பழுதை ஒளித்து வைத்திருக்கிறது என்று தெரிய நாள் பிடிக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கணக்கு இடிக்கிறது. பேட்டரி ஒரு நாள் தாங்கும், கொஞ்சம் கூடவும் தாங்கலாம். வைகாசியில் ஒகேனக்கல் காட்டுப் பக்கமிருந்து எழும்புகிற காற்று எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கம்பம் சாய்ந்தால் இங்கே ஆள் வந்து நிமிர்த்துவதற்குள் பேட்டரியின் உயிர் முடிந்துவிடும். அப்போது ஒரு மனிதர் வேண்டும். கதவைத் திறந்து, மூக்கால் முகர்ந்து, நமக்குப் போன் செய்து, செத்ததை எடுத்துப் போட ஒரு மனிதர். அந்த மனிதர்தான் தெருவில் இல்லை. நம் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு பஸ் பிடித்தால் தெரு முழுக்க ஏறிக்கொள்ளும். எதிர்வீட்டுக்காரரிடம், "அக்கா, ஒரு நாலு நாளு நீங்க மட்டும்..." என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "பஸ்சுல எடம் இல்லைன்னா நேரா சொல்லிடு கண்ணு. மீனுக்குக் காவலு இருன்னு சுத்தி வளைக்காத. தூத்துக்குடி கடலப் பாக்கறதுக்குன்னே நான் புதுச் சீலை எடுத்து வெச்சிருக்கறேன்" என்றார். கல்யாணத்துக்கு வராதே என்று யாரிடமும் சொல்ல முடியாது, காரணம் எதுவாக இருந்தாலும். அதனால்தான் உனக்கு உடனே அந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். ஏற்கெனவே வராதவர். சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறவர். உன் அப்பாவின் அண்ணன்.

முதல் தொட்டி செத்தது உனக்கு நன்றாக நினைவிருக்கும். நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். மைசூரில் உன் மாமா கட்டிய புதுவீட்டுக்குப் பால் காய்ச்சப் போய்விட்டு, மூன்று பேருமாகத் திரும்பி வந்தோம். பூட்டைத் திறப்பதற்கு முன்பே நாற்றம் வெளியே நின்றது. தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்திருந்தது. நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்க் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். விளக்குப் போடப் போன உன் அப்பாவுக்கு விளக்கு எரியவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் கரண்ட் இருந்தது. பாகம் பிரித்தபோது ஒரே வீடாக இருந்ததை இரண்டாக்கியதால், இரண்டு வீட்டு மீட்டரும் மெயினும் நடுவில் இருக்கும் பொது நடையில்தான் இருக்கின்றன. போய்ப் பார்த்தால் நம் மெயின் மட்டும் இறங்கியிருந்தது. புளியந்தோப்பைப் பிரித்ததில் அண்ணன் தம்பிக்குள் ஏற்கெனவே முகம் சரியில்லை. அப்பா நடையில் நின்று, "யாரு எறக்குனது?" என்று கத்தினார். பெரியப்பா தன் வாசலுக்கு வந்து, "நாந்தான் எறக்குனேன்" என்றார்.

அதற்கு அடுத்து அவர் என்ன சொல்ல வந்தார் என்று யாருக்கும் தெரியாமல் போனது. உன் அப்பா முந்திக்கொண்டார். "புள்ளையில்லாத வூட்டுக்கு அடுத்தவன் புள்ள ஆசையா ஒண்ணு வெச்சிருக்கறது பொறுக்குமா?" என்றார். பெரியம்மா இறந்து வருடம் திரும்பாத சமயம் அது. நீ அழுதுகொண்டு உள்ளே இருந்தாய், அது உன் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு விழுந்தது. பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, திரும்பப் போட்டுக்கொண்டு, உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. பொறாமையில் ஒரு மனிதர் மீன்களைக் கொன்றார் என்ற கதை நம் வீட்டில் நின்றுவிட்டது. நீயும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் அவர் பெயரைச் சொல்லி உன்னால் சிரிக்க முடிகிறது. ஒரு முறை மெயினை இறக்கியவரிடமே சாவியைக் கொடுக்கச் சொன்னது உனக்கே வேடிக்கையாக இருந்திருக்கும்.

இப்போது கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். பெயின்டர் பரணைக் காலி செய்துகொடுக்கச் சொன்னார். அவரே ஏறி ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். ஒரு கோணிப்பை வந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏன்க்கா, கல்யாணத்துக்குக் கருவாடு இப்பவே வாங்கிப் போட்டுட்டீங்களா?" என்றார். பிரித்துப் பார்த்தேன். முதல் தொட்டியின் சாமான்கள். உடைந்த ஹீட்டர், பாசி காய்ந்த பம்ப், அடியில் அந்தப் பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் பாதி உருகி வழிந்து இறுகியிருந்தது. துளைகளைச் சுற்றிக் கரி. ஒயர் நெடுக வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அந்தக் காலத்தில் அதை நாம் தொட்டிக்கு அடியில் தரையிலேயே வைத்திருந்தோம், நினைவிருக்கிறதா? ஒயர்கள் தொட்டியிலிருந்து நேராக அதற்குள் இறங்கின. உப்புத் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு காயாமல் அங்கேயே இருந்து வழி போட்டிருக்கிறது. நாம் மைசூரில் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, பூட்டிய வீட்டுக்குள், தொட்டியைத் தாங்கும் மரப்பெட்டிக்கு அடியில் அது எரியத் தொடங்கியிருக்கிறது.

பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு உன் அப்பாவிடம் போனேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பழைய குப்பை. வெளிய போடச் சொல்லு" என்றார். "எரிஞ்சிருக்குதுங்க" என்றேன். "தெரியும்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. "எப்பத் தெரியும்?" என்று கேட்டேன். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். "மூட்டை கட்டுனது நாந்தான. மறுநாளே தெரியும்." பிறகு, நான் ஒன்றும் கேட்காமலேயே, "அதுக்குள்ள சொல்லக் கூடாததெல்லாம் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் போயி என்னத்த சொல்றது" என்றார். எழுந்து போய்ப் பந்தல்காரருக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். உன் அப்பா கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்தவர். ஆனால் ஒரு சொல்லைத் திரும்ப எடுக்க வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டு, அதற்கு அடியிலேயே இத்தனை வருடம் படுத்துத் தூங்கியிருக்கிறார். எனக்கு அன்று அவரைப் பார்த்துக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. வீட்டுக்குள் எது எங்கே புகைந்துகொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்கிற பயம்.

மறுநாள் காலை நான் பெரியப்பா வாசலுக்குப் போனேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு நான் வந்தபோது உனக்குப் பதினொரு வயது, எனக்கு உன் அக்காவாக இருக்கிற வயது. உன்னைப் பெற்றவள் இருந்த இடத்தில் என்னை வைத்துப் பார்க்க எல்லோரும் தயங்கிய நேரத்தில், "புதுசா வந்திருக்கற அந்தப் புள்ள இருக்கற ரூமுக்குள்ள யாரா இருந்தாலும் கதவத் தட்டிட்டுப் போங்க" என்று சத்தம் போட்டுச் சொன்னவர் அவர். அந்த மனிதர் வாசலில் ஏற எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. புளியைக் காயவைத்து ஓடு உடைத்துக்கொண்டிருந்தார். "வாம்மா" என்றார், நேற்றுத்தான் பேசி நிறுத்தியது போல. நான் பாக்ஸைத் தரையில் வைத்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னும் வெச்சிருக்கறானா இத?" என்றார்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க மாமா" என்றேன். "நடையில போறேன், உங்க கூடத்து ஜன்னல்ல பொகை. உங்க வூட்டுக்காரனுக்குப் போன் பண்ணேன். மணி அடிக்குது, எடுக்கலை. மறுபடி பண்ணேன், கட் பண்ணிட்டான். மெயின எறக்குனேன். ஜன்னல் வழியாத் தண்ணி ஊத்தலாமான்னு கொடத்தத் தூக்கிட்டு வந்துட்டேன், அப்புறம் அந்த உப்புக் கொளத்துக்குள்ள எத்தன ஒயரு கெடக்குதோன்னு பயந்துகிட்டு நின்னேன். பொகை அடங்கற வரைக்கும் அங்கியே நின்னேன். மீனு சாவும்னு தெரியும்மா. வூடு எரியாம இருந்தாப் போதும்னு பட்டுச்சு." "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே?" "எறக்குனேன்னு சொன்னேன். ஏன் எறக்குனன்னு ஒருத்தர் கேக்கலையே." ஓடு உடைக்கும் கை நிற்கவில்லை. கல்யாணத்தைப் பற்றி அவரே பேச்செடுத்தார். "பத்திரிகை வந்துச்சு. ஒரு செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியிருக்கறான். போஸ்ட்மேன் சிரிப்ப அடக்கமாட்டாம குடுத்துட்டுப் போறாரு."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நீ இன்னும் போனில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் எல்லோர் மனதிலும் அது இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "சாவி என்கிட்ட வரும்போல இருக்குது, தெருவுல பேசிக்கறாங்க" என்றார். நான் சிதறிக் கிடந்த புளியோட்டைக் கூட்டி ஓரமாகத் தள்ளினேன். "கூப்புட்டா வருவேன். கூப்புடலைன்னா வூட்டுல இருப்பேன், உங்க கொளத்தையும் பாத்துக்குவேன், அதுல ஒண்ணும் இல்ல. ரெண்டுல ஒண்ணு முன்னாடியே சொல்லிடும்மா. வர்றதா இருந்தா சட்டை தொவைக்கணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் எழுந்து வரும்போது, "பையன் கையில இன்னும் அந்தத் தழும்பு இருக்குதா, எங்க வூட்டுக் கொய்யாவுல ஏறி வுழுந்தானே?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

தம்பி, நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் அப்படிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. பம்புக்கு மாற்று பம்ப், கரண்டுக்கு மாற்று பேட்டரி, பேட்டரிக்கு மாற்று ஒரு பெரியப்பா. ஆனால் உன் திட்டம் வேலை செய்ய வேண்டுமென்றால் அவர் நேரில் அழைக்கப்படாமலேயே இருக்க வேண்டும். அவருக்கு நேர்ந்த அவமானம் அப்படியே இருந்தால்தான் உன் மீன்களுக்குக் காவல். இன்னொன்றையும் யோசித்துப் பார். நாம் எல்லோரும் மேளச் சத்தத்தில் இருக்கும்போது, காற்றடித்துக் கரண்ட் போய் வந்த வீட்டுக்குள், வயதான ஒரு மனிதர் வெறுங்காலோடு தனியாக நுழைவார். தரையில் உப்புத் தண்ணீர் நிற்கலாம். மீன் தத்தளிப்பதைப் பார்த்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று தோன்றாமல் நேராகக் கையைத்தான் விடுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். கசிவு இருந்தால் தானாக விழும் டிரிப் சுவிட்சை இப்போது போட்டிருக்கிறேன். பாக்ஸைச் சுவரில் உயரமாக அடித்தாயிற்று. ஒவ்வொரு ஒயரும் நடுவில் கீழே வளைந்து தொங்கி, சொட்டு அங்கேயே விழுகிறபடி கட்டியாயிற்று. அந்தச் சுவிட்சும் ஒரு கருவிதான். பழுதாகாத கருவி எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆகவே நான் கேட்பது இது. முகூர்த்தக்கால் நடுவதற்கு நீ வரும் நாளில், பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக நம் வாசலுக்கு வராதே. ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்து நான் நடையில் நிற்கிறேன். அதை வாங்கிக்கொண்டு முதலில் அந்தப் பக்கப் படியில் ஏறு. அப்பாவைக் கூட இழுத்துக்கொண்டு போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நீ மட்டும் போ, நான் பின்னால் வருகிறேன். அங்கே போய் உன் அப்பாவுக்காகப் பேசாதே, நியாயம் பேசாதே, பழையதைக் கிளறாதே. ஏன் மெயினை இறக்கினீர்கள் என்று மட்டும் கேள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் இத்தனை நாள் காத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, பிறகு கல்யாணத்துக்குக் கூப்பிடு.

அவர் வருகிறேன் என்றால் தொட்டிக்கு ஆள் இல்லை. அதைத் தெரிந்துகொண்டே கூப்பிடு. திரும்பி வந்து நம் கதவைத் திறக்கும்போது அந்தப் பழைய நாற்றம் மறுபடி வெளியே நிற்கலாம். உன் மனைவி முதன்முதலாக இந்த வீட்டுக்குள் கால் வைக்கும் நாளாக அது இருக்கும். விளக்கேற்றுவதற்கு முன்னால் வாளி வாளியாக வெளுத்த தண்ணீரை மொண்டு ஊற்ற வேண்டி வரலாம். உன் சாமந்தியும் ஜோடி மீன்களும் இருக்காமல் போகலாம். எனக்கு அது வலிக்கும், உன்னைவிடக் கூடவே வலிக்கும், தினமும் அவற்றின் முகத்தில் விழிக்கிறவள் நான். இருந்தாலும் அந்த நாற்றத்தை என்னால் கழுவிவிட முடியும். மற்றதைக் கழுவ எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒகேனக்கல் பக்கம் வானம் கறுத்துவிட்டது. சன்னலை மூட எழுந்து போனேன். பெரியப்பா வீட்டு முற்றத்துக் கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருக்கிறது. காலர் மடிப்பு இன்னும் விறைப்பாக இருக்கிறது, எடுத்து உடுத்தி வருடக்கணக்கான சட்டை. யாரும் இன்னும் அவரை நேரில் கூப்பிடவில்லை. துவைத்துப் போட்டுவிட்டார். காற்று ஏறிக்கொண்டிருக்கிறது, சட்டை ஒரு கையைத் தூக்கித் தூக்கி இறக்குகிறது, அவர் வெளியே எங்கோ போயிருக்கிறார் போலிருக்கிறது. எனக்குப் பின்னால் தொட்டியின் சத்தம் இப்போதுதான் நின்றது. பேட்டரி பம்ப் ஓட ஆரம்பித்துவிட்டது, கேட்கிறது. அது ஓடட்டும். மழை விழுவதற்குள் நான் போய் அந்தச் சட்டையை எடுத்து வைக்கிறேன். நீ சீக்கிரம் வா.

உன் சித்தி